கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்குவது எப்படி: மதுரை வட்டார நோயாளிகளுக்கு முழுமையான வழிகாட்டி

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் தருகிற இரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு ஸ்கேன் கவரும்தான் தங்கள் மருத்துவப் பதிவு என்று பலர் நினைக்கிறார்கள். அது பதிவின் சுருக்கம் மட்டுமே. எந்த மருந்து எத்தனை மணிக்கு ஏறியது, தியேட்டருக்குள் டாக்டர் என்ன பார்த்தார், ஐ.சி.யூ.வில் இரவு இரண்டு மணிக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். அந்தக் கேஸ் ஷீட் இப்போது பாதி காகிதத்திலும் பாதி கம்ப்யூட்டரிலும் கிடக்கிறது. தேனி, ராமநாதபுரம், சிவகங்கையிலிருந்து மதுரைக்கு வந்து ஆபரேஷன் முடித்துப் போகிறவர்கள், ஆறு மாதம் கழித்து உள்ளூர் டாக்டர் "ஆபரேஷன் நோட்ஸ் எங்கே?" என்று கேட்ட பிறகு மறுபடியும் மதுரைக்குப் பஸ் ஏறுகிறார்கள். அந்த இரண்டாவது பயணம் தேவையே இல்லை. எதை, யாரிடம், எப்படி எழுதிக் கேட்பது என்று தெரிந்தால் போதும்.

சட்டம் எங்கே நிற்கிறது

மின்னணு மருத்துவப் பதிவைப் பெறும் உரிமைக்கென்று தனிச் சட்டம் ஒன்று இந்தியாவில் இல்லை. 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் ‘திஷா’ என்ற பெயரில் ஒரு வரைவை வெளியிட்டது. அது சட்டமாகவில்லை. அதனால் நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிற விதிகளைச் சேர்த்துக் கட்டித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அவற்றில் உங்களுக்கு மிகவும் கைகொடுப்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு தொழில் நெறிமுறை விதிகள். விதி 1.3.1, உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. விதி 1.3.2, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்த உதவியாளரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரச் சொல்கிறது. மறுத்தால் அது தொழில் ஒழுங்கீனம் என்கிறது விதி 7.2. பதிவு காகிதத்தில் இருக்கிறதா கணினியில் இருக்கிறதா என்று இந்த விதிகள் பிரிக்கவில்லை. கணினிமயமாக்க முயற்சி எடுக்க வேண்டும் என்று 1.3.4 அப்போதே சொல்லிவிட்டது.

சில மருத்துவமனைகளில் "இப்ப புது ரூல், அஞ்சு வேலை நாள் ஆகும்" என்பார்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்ட புதிய விதிகளில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதே மாதம் 23ஆம் தேதி அந்த விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. நடைமுறையில் இருப்பது 2002 விதிகளும் 72 மணி நேரமும்தான்.

இணையத்தில் தேடினால் இன்னொரு குழப்பமும் வரும். ‘ஒவ்வொரு நோயாளிக்கும் மின்னணுப் பதிவு வைத்து வழங்க வேண்டும்’ என்ற மத்திய மருத்துவ நிறுவனங்கள் விதியைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அது 2010ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் வந்தது. தமிழ்நாடு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. இங்கே இருப்பது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். மத்திய விதியைக் கடிதத்தில் எழுதினால், விஷயம் தெரிந்த அலுவலர் அந்த ஒரு வரியைக் காட்டியே உங்கள் மனுவைத் தள்ளிவிடுவார்.

நீதிமன்றங்கள் இதில் பெரும்பாலும் நோயாளி பக்கம்தான் நின்றிருக்கின்றன. கேஸ் பேப்பரின் நகலை மறுக்க மருத்துவமனைக்கு உரிமை இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1996இலேயே சொன்னது. தன் மருத்துவப் பதிவைப் பெறுவது நோயாளியின் உரிமை என்று மத்தியத் தகவல் ஆணையம் 2014இல் தீர்ப்பளித்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம், அட்மிஷனில் இருக்கும்போது கேட்டால் கூடுமானவரை 24 மணி நேரத்திலும் டிஸ்சார்ஜுக்குப் பிறகு கேட்டால் 72 மணி நேரத்திலும் தர வேண்டும் என்கிறது. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மின்னணு நலப் பதிவுத் தரநிலைகளும் இதையே வேறு விதமாகச் சொல்கின்றன: பதிவைத் தாங்கும் காகிதமும் சர்வரும் மருத்துவமனையுடையவை, அதற்குள் இருக்கும் தகவல் நோயாளியுடையது. சாசனமும் தரநிலையும் நேரடியாகத் தண்டனை விதிக்கும் சட்டங்கள் அல்ல. ஆனாலும் கடிதத்தில் குறிப்பிட்டால் எடை கூடும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் தகவலைக் கேட்கும் உரிமை (பிரிவு 11), திருத்தக் கேட்கும் உரிமை (பிரிவு 12) ஆகியவை 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. அப்போதும் பிரிவு 11 தருவது, உங்களைப் பற்றி என்னென்ன தரவு இருக்கிறது, யாரோடெல்லாம் பகிரப்பட்டது என்ற சுருக்கத்தை. முழு கேஸ் ஷீட்டின் நகல் வேண்டுமென்றால் அப்போதும் 1.3.2ஐத்தான் பிடிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் மருத்துவமனைக்கு விதிக்கப்படும் அபராதம் அரசுக்குப் போகுமே தவிர உங்களுக்கு இழப்பீடாக வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் படி: எண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

எம்.ஆர்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மருத்துவப் பதிவுப் பிரிவில் உங்கள் பெயரைச் சொன்னால் ஒன்றும் நடக்காது. அதே பெயரில் பலர் இருப்பார்கள். தேவைப்படுவது இவை: யூ.எச்.ஐ.டி. எண் (ஒரே நோயாளிக்கு எப்போதும் ஒரே எண்), ஐ.பி. எண் (ஒவ்வொரு அட்மிஷனுக்கும் வேறு எண்), சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, வார்டு, பார்த்த டாக்டர் பெயர். பழைய பில்லில் எல்லாமே இருக்கும். பில் தொலைந்திருந்தால், அட்மிஷனின்போது கொடுத்த மொபைல் எண்ணை வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

ஒரே ஆளுக்கு இரண்டு யூ.எச்.ஐ.டி. இருப்பது நம் ஊரில் சகஜம். இரவு அவசரப் பிரிவுக்குத் தூக்கிவந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ‘முத்து, 50 வயது’ என்று ஒரு பதிவு போட்டிருப்பார். மறுநாள் ஆதாரைப் பார்த்து ‘கா. முத்துக்கருப்பன், 54’ என்று இன்னொரு பதிவு போட்டிருப்பார்கள். முதல் ஆறு மணி நேரத்தின் பதிவு பழைய எண்ணிலேயே தங்கிவிடும். மாரடைப்பு, விபத்து, பிரசவச் சிக்கல் போன்றவற்றில் அந்த ஆறு மணி நேரம்தான் முக்கியம். அவசரப் பிரிவில் தனியாக எண் போட்டார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இருந்தால் இரண்டையும் மனுவில் எழுதுங்கள்.

இரண்டாம் படி: பெயர் சொல்லிக் கேளுங்கள்

‘என் ரெக்கார்டு வேண்டும்’ என்று எழுதினால் டிஸ்சார்ஜ் சம்மரியை இன்னொரு முறை பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். உள்நோயாளி ஒருவரின் கோப்பில் வழக்கமாக இருப்பவை:

— அட்மிஷன் ஷீட், முதல் பரிசோதனைக் குறிப்பு
— டாக்டர்களின் தினக் குறிப்புகள், பிற துறை டாக்டர்கள் வந்து பார்த்த குறிப்புகள்
— நர்ஸ் குறிப்புகள், காய்ச்சல்-நாடி-ரத்த அழுத்த சார்ட், ஐ.சி.யூ. சார்ட், உள்ளே போன, வெளியேறிய நீரின் அளவு
— மருந்து கொடுத்த சார்ட் (எழுதிய மருந்து வேறு, உண்மையில் கொடுத்த மருந்து வேறாக இருக்கலாம், இந்தச் சார்ட்தான் அதைக் காட்டும்)
— ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துப் பதிவு, கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள்
— ரத்தம் ஏற்றியிருந்தால் அதன் பதிவு
— எல்லா லேப், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படங்களின் மூலக் கோப்புகள் (இவை டைகாம் என்ற வடிவில் இருக்கும்)
— பயாப்சி ரிப்போர்ட்
— பிரித்துக் காட்டிய முழு பில்

ஸ்டென்ட், கண் லென்ஸ், மூட்டு, பேஸ்மேக்கர் ஏதாவது வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கரின் நகலைத் தனியாகக் கேளுங்கள். கம்பெனி, மாடல், சைஸ், சீரியல் எண் எல்லாம் அந்தச் சின்ன ஸ்டிக்கரில்தான் இருக்கும். பத்து வருடம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது ‘உள்ளே இருப்பது என்ன உலோகம்?’ என்று கேட்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஸ்டென்ட் வைக்கப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

புற்றுநோய்ச் சந்தேகத்தில் பயாப்சி எடுத்திருந்தால், இரண்டாவது கருத்துக்கு ரிப்போர்ட் மட்டும் போதாது. மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடையும் கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கும்.

வெளிநோயாளியாக மட்டும் போயிருந்தால் நிலைமை வேறு. 3 ஆண்டு வைத்திருக்கும் கடமை உள்நோயாளிப் பதிவுகளுக்குத்தான். ஓ.பி. சீட்டை உங்களிடமே கொடுத்துவிடுவார்கள், அதன் பிறகு அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

மூன்றாம் படி: மனு

வாயால் கேட்டால் 72 மணி நேரக் கணக்கு ஓடாது. எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் சீலும் வாங்கிய நிமிடத்திலிருந்துதான் ஓடும். மாதிரி:

அனுப்புநர்: (பெயர், முகவரி, மொபைல்)
பெறுநர்: மருத்துவக் கண்காணிப்பாளர், (மருத்துவமனை), மதுரை
பொருள்: உள்நோயாளி மருத்துவப் பதிவுகளின் முழு நகல் கோருதல்
ஐயா / அம்மா,
நான் தங்கள் மருத்துவமனையில் (தேதி) முதல் (தேதி) வரை உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றேன். யூ.எச்.ஐ.டி. எண்: ... ஐ.பி. எண்: ... மேற்படி சிகிச்சை தொடர்பாகக் கீழ்க்கண்ட பதிவுகளின் சான்றிட்ட நகல்களை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன் (பட்டியல்). கணினியில் உள்ள பதிவுகளை, பதிவிட்ட நேரமும் பதிவிட்டவர் பெயரும் தெரியும்படி பி.டி.எஃப். கோப்பாகவும், ஸ்கேன் படங்களை டைகாம் வடிவிலும் தரவும். நகல் கட்டணத்தைச் செலுத்தத் தயாராக உள்ளேன். இந்திய மருத்துவக் கவுன்சில் தொழில் நெறிமுறை விதிகள் 2002, விதி 1.3.2இன்படி 72 மணி நேரத்துக்குள் வழங்கவும், இந்த மனுவைப் பெற்றதற்கு ஒப்புகை தரவும் வேண்டுகிறேன்.
(கையெழுத்து, தேதி)

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் சீல் வாங்குங்கள். சீல் போட மாட்டேன் என்றால் வாக்குவாதம் வேண்டாம். மருத்துவமனையின் மின்னஞ்சலுக்கு ஒன்று, ஸ்பீடு போஸ்ட்டில் டெலிவரிச் சான்றோடு ஒன்று என அனுப்பிவிடுங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதனால் கவுன்டரில் ‘டெலிவரிச் சான்று வேண்டும்’ என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

நோயாளியால் வர முடியாவிட்டால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், அவருடைய ஆதார் நகல், வருகிறவரின் ஆதார் நகல் மூன்றும் வேண்டும். கைநாட்டு என்றால் இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் போதும். நோயாளி இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழோடு வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். தாசில்தார் அலுவலகத்திலிருந்து வாரிசுச் சான்று வர நாளாகும். அதற்காகக் காத்திருக்காதீர்கள். இறப்புச் சான்றிதழும் உறவைக் காட்டும் ரேஷன் கார்டும் வைத்து இப்போதே மனுவைக் கொடுத்துத் தேதியைப் பதிவு செய்துவிடுங்கள். மனித உரிமை ஆணையத்தின் சாசனம், இறப்புச் சுருக்கத்தையும் பரிசோதனை ரிப்போர்ட்டுகளையும் பெறும் உரிமையை உறவினருக்கும் பராமரித்தவருக்கும் கொடுக்கிறது.

கவுன்டரில் வரும் பதில்கள்

"அண்ணே, கேஸ் ஷீட்டு எங்க பிராப்பர்ட்டி, வெளிய குடுக்க மாட்டோம்." அசல் அவர்களிடமே இருக்கட்டும், நீங்கள் கேட்பது நகல். இதைச் சொன்னாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

"வக்கீல் நோட்டீஸ் வரட்டும், இல்லைன்னா கோர்ட் ஆர்டர்." விதி 1.3.2 நோயாளியையும் அவருடைய உதவியாளரையும் சட்ட அதிகாரிகளுக்கு முன்பாகவே குறிப்பிடுகிறது. நோயாளி நேரில் நிற்கும்போது வக்கீல் எதற்கு என்று அமைதியாகக் கேளுங்கள்.

"பில் பாக்கி இருக்கு." 72 மணி நேர விதியில் பில் பாக்கிக்கு விலக்கு எதுவும் கிடையாது. பணத்தை வசூலிக்க மருத்துவமனைக்கு வேறு சட்ட வழிகள் உண்டு.

"எல்லாம் இன்சூரன்ஸுக்குப் போயிருச்சும்மா." முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமோ தனியார் பாலிசியோ, பதிவு மருத்துவமனையின் கணினியிலும் எம்.ஆர்.டி.யிலும் இருந்தே தீர வேண்டும். 3 ஆண்டு வைத்திருக்கும் கடமை அவர்களுடையது.

"டாக்டர் லீவுல இருக்கார், ஷீட் இன்னும் குளோஸ் ஆகலை." இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆன அன்று கோப்பு எம்.ஆர்.டி.க்கு வந்திருக்காது. கையெழுத்து விடுபட்ட இடங்களைச் சரிபார்த்த பிறகுதான் உள்ளே எடுப்பார்கள். மனுவை உடனே கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் போவதுதான் நடைமுறையில் எளிது.

கட்டணத்துக்கு 2002 விதிகளில் நிர்ணயித்த தொகை எதுவும் இல்லை. நியாயமான ஜெராக்ஸ் செலவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று சொல்லாமல் மொத்தமாக ஒரு பெரிய தொகை கேட்டால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

நான்காம் படி: வாங்கியதை அங்கேயே சரிபாருங்கள்

வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுவில் பக்கங்கள் இருக்காது. பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் இருக்காது. ஜெராக்ஸ் எடுத்தவர் பின்பக்கத்தை விட்டிருப்பார், கம்ப்யூட்டரில் ஒரு டேபை மட்டும் பிரிண்ட் போட்டிருப்பார். எனவே அங்கேயே உட்கார்ந்து இவற்றைப் பாருங்கள்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டாக்டர் குறிப்பாவது இருக்கிறதா. கணினிப் பிரிண்டில் ‘பக்கம் 1 / 14’ என்று இருந்தால் 14ம் இருக்கிறதா. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டிராஃப்ட்’ என்று அச்சாகியிருக்கிறதா. அப்படியென்றால் டாக்டர் இன்னும் அங்கீகரிக்கவில்லை, இறுதிப் பிரதியைக் கேளுங்கள். பெயர், வயது, ரத்தப் பிரிவு, இடது-வலது பக்கம், ஒவ்வாமை ஆகிய ஐந்தும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கின்றனவா. ‘பென்சிலின் அலர்ஜி’ ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கத்தில் ‘அலர்ஜி எதுவும் இல்லை’ என்று இருந்தால், அதை அன்றே சொல்லுங்கள். அடுத்த அட்மிஷனில் அந்த வரி உயிரோடு விளையாடும்.

மின்னணுப் பதிவில் காகிதத்தில் கிடைக்காத ஒரு நன்மை உண்டு. ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு நேரங்கள் இருக்கும்: சம்பவம் நடந்ததாக எழுதிய நேரம், உண்மையில் டைப் செய்த நேரம். காலை 6 மணி நிகழ்வு மாலை 5 மணிக்கு ஏற்றப்பட்டிருந்தால் அது தெரியும். தாமதமாக எழுதுவது தானாகவே தவறு ஆகிவிடாது. அவசரத்தில் நோயாளியைப் பார்ப்பதா, கீபோர்டைப் பார்ப்பதா என்றால் நோயாளியைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஏதாவது தகராறு வந்தால் இந்த இரண்டு நேரங்களும் வேண்டும். சாதாரணப் பிரிண்டில் ஒன்றுதான் வரும். அதனால்தான் மனுவில் ‘பதிவிட்ட நேரமும் பதிவிட்டவர் பெயரும்’ என்று எழுதச் சொன்னோம்.

ஸ்கேன் படங்களின் சி.டி. டிஸ்க்: அதிகம் ஏமாற்றம் தரும் இடம்

நெஞ்சு சி.டி. ஸ்கேன் ஒன்றில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். ஃபிலிமில் அச்சாவது அதில் தேர்ந்தெடுத்த சில மட்டும். அந்த ஃபிலிமை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பார்க்கிற டாக்டரால் ஒரு மில்லிமீட்டர்கூட அளக்க முடியாது. டைகாம் கோப்புகள் இருந்தால் எந்த ஊரில் இருக்கும் டாக்டரும் படத்தின் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக் குறைத்து, பக்கவாட்டில் வெட்டிப் பார்த்து, கட்டியின் அளவை எடுக்கலாம்.

எனவே ‘சி.டி. டிஸ்க் தாங்க’ என்று மட்டும் கேட்காமல், டைகாம் வடிவில், எல்லா சீரிஸும் சேர்த்து என்று கேளுங்கள். சில இடங்களில் சி.டி.யில் சாதாரண ஜேபெக் படங்களைப் போட்டுத் தருகிறார்கள். அது ஃபிலிமைவிடக் கொஞ்சம்தான் மேல். கம்ப்யூட்டரில் போட்டு ‘டைகாம்டிர்’ என்ற கோப்பு இருக்கிறதா, படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றனவா, மூலையில் உங்கள் பெயரும் தேதியும் இருக்கின்றனவா என்று அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். வேறு ஒருவரின் சி.டி. கவருக்குள் போய்விடுவதும் நடக்கிறது. இப்போது பல லேப்டாப்பில் சி.டி. போடும் இடமே இல்லை. பென் டிரைவில் கேட்டால் வைரஸ் பயத்தில் மறுப்பார்கள். பிரிக்காத புதுப் பென் டிரைவ் கொண்டுபோனால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வீட்டில் பார்க்க மைக்ரோடைகாம், வீசிஸ் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு.

லேப் ரிப்போர்ட் லிங்க் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தால் அன்றே இறக்கிவிடுங்கள். அந்த லிங்குகள் சில நாளில் காலாவதியாகும்.

ஆபா எண் வழியாகப் பெறுவது

மருத்துவப் பதிவுகளை மின்னணு முறையில் இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. இதில் உங்களுக்குக் கிடைப்பது 14 இலக்க ஆபா எண்ணும், மின்னஞ்சல் போன்ற ஒரு ஆபா முகவரியும். ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு வரும் ஓ.டி.பி. வைத்து ஐந்து நிமிடத்தில் எடுக்கலாம். இது கட்டாயம் அல்ல. ஆபா இல்லை என்று சிகிச்சையை மறுக்க முடியாது.

முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது, பதிவுகள் டெல்லியில் ஒரே இடத்தில் குவிக்கப்படுவதில்லை. அந்தந்த மருத்துவமனையின் சர்வரிலேயே இருக்கும். நீங்கள் சம்மதம் கொடுத்தால் மட்டும் அங்கிருந்து நகரும்.

போனில் ஆபா செயலியில் நுழைந்து மருத்துவமனையின் பெயரைத் தேடி, உங்கள் பதிவுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால், அது உங்கள் மொபைல் எண், பெயர், பாலினம், பிறந்த ஆண்டு ஆகியவற்றை அங்கே உள்ள பதிவோடு ஒப்பிடும். பொருந்தினால் ஓ.டி.பி. கேட்டு இணைக்கும். பொருந்தாமல் போவதற்கு நம் ஊரில் மூன்று காரணங்கள் உண்டு: அட்மிஷனில் மகன் நம்பரைக் கொடுத்தது, இனிஷியல் ஆதாரில் ஒரு மாதிரியும் ஆஸ்பத்திரியில் வேறு மாதிரியும் இருப்பது, வயதைக் குத்துமதிப்பாகச் சொன்னது. தீர்வு ஒன்றுதான். மருத்துவமனை ரெஜிஸ்ட்ரேஷன் கவுன்டரில் ஆதாரைக் காட்டி யூ.எச்.ஐ.டி. விவரத்தைத் திருத்தி, ஆபா எண்ணை அதோடு சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது கவுன்டரில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பதிந்தால், சரியான விவரமே உள்ளே போகும்.

மருத்துவமனை இந்தத் திட்டத்தில் சேர்வதற்கு முந்தைய காகிதப் பதிவுகள் ஆபாவில் வராது. நர்ஸ் சார்ட், ஐ.சி.யூ. சார்ட்டை எதிர்பார்க்கவும் வேண்டாம். வருவது பெரும்பாலும் சம்மரி, மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட். எனவே ஆபா இருந்தாலும் மனு எழுதும் வேலை மிச்சமாகாது.

யாராவது உங்கள் பதிவைக் கேட்டுச் சம்மதக் கோரிக்கை அனுப்பினால் நான்கைப் பாருங்கள்: கேட்பவர் யார், எதற்காக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரையான பதிவுகள், சம்மதம் என்று காலாவதியாகும். தேதியை நீங்களே சுருக்கலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். போனில் கூப்பிட்டு ‘ஆபா ஓ.டி.பி. சொல்லுங்க’ என்பவரிடம் சொல்லவே கூடாது. உதவி எண் 14477.

அரசு மருத்துவமனை என்றால்

கோரிப்பாளையத்தில் இருக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனுவை டீனுக்கு எழுதி, ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) அலுவலகத்தில் கொடுங்கள். தாலுகா மருத்துவமனை என்றால் தலைமை மருத்துவ அலுவலருக்கு. பெரும்பாலும் இதிலேயே கிடைத்துவிடும்.

கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் இல்லாத வலுவான ஆயுதம் இது. பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். மாநில அரசின் ஆன்லைன் தளத்திலும் போடலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். தொடர் சிகிச்சை அந்தப் பதிவுக்காகத் தடைபட்டு உயிருக்கு ஆபத்து என்றால், முதல் வரியிலேயே அதை எழுதி, பிரிவு 7(1)இன்படி 48 மணி நேரத்தில் கேளுங்கள். டாக்டரின் சீட்டு ஒன்றை இணையுங்கள். கணினியில் உள்ளதை மின்னணு வடிவிலேயே பெறும் உரிமை பிரிவு 2(ஜே)இல் தெளிவாக இருக்கிறது. நம் நாட்டில் மின்னணு நகல் என்ற சொல்லுக்குக் கையில் பிடிக்கிற மாதிரி சட்ட ஆதாரம் இருப்பது இங்கேதான்.

‘இது தனிநபர் தகவல், 8(1)(ஜே)இன்படி தர இயலாது’ என்று பதில் வந்தால் மனம் தளராதீர்கள். அது மற்றவர் தகவலைக் காக்க வந்த பிரிவு. கேட்பவர் நோயாளியேதான் என்று ஆதார் நகலோடு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். அதிலும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

தனியார் மருத்துவமனை மறுத்தால்

72 மணி நேரம் கழிந்ததும், முதல் மனுவின் நகலோடு 7 நாள் கெடு கொடுத்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதன் பிறகு எங்கே போவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

2002 விதிகள் கட்டுப்படுத்துவது டாக்டரை. மருத்துவமனை நிறுவனத்தை அல்ல. எனவே தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு ‘இந்த மருத்துவமனை தரவில்லை’ என்று எழுதினால் பயன் குறைவு. சிகிச்சை தந்த டாக்டரின் பெயரையும், டிஸ்சார்ஜ் சம்மரியில் சீலோடு இருக்கும் அவருடைய பதிவு எண்ணையும் குறிப்பிட்டு, விதி 7.2ஐச் சொல்லி எழுத வேண்டும். மருத்துவமனையைக் கேள்வி கேட்க வேண்டுமென்றால், அதற்கு உரிமம் தரும் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும், முதல்வரின் உதவி எண் 1100க்குச் சொன்னாலும் அங்கேதான் போய்ச் சேரும்.

மூன்றாவது வழி நுகர்வோர் ஆணையம். பதிவைத் தர மறுப்பதே சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. சிகிச்சையில் தவறு நடந்தது என்று நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இதற்கு இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மதுரையில் சிகிச்சை எடுத்த பரமக்குடிக்காரர் ராமநாதபுரம் ஆணையத்திலேயே போடலாம், மதுரைக்கு அலைய வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் ஆலோசனை கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் உள்ளிட்டோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும், எண் 15100. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு இந்த வழி பொருந்தாது, அங்கே தகவல் உரிமைச் சட்டம்தான்.

3 ஆண்டு, 2 ஆண்டு என்ற இரண்டு கெடுவையும் சேர்த்துப் பாருங்கள். ‘தேவைப்படும்போது கேட்டுக்கலாம்’ என்று விட்டால் பதிவை அழித்துவிட்டோம் என்ற பதிலை எதிர்த்துப் பேச இடமிருக்காது. பெரிய ஆபரேஷன், பிரசவம், ஐ.சி.யூ. எதுவானாலும் டிஸ்சார்ஜ் ஆன வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

தனிக் கவனம் வேண்டியவை

விபத்து, அடிதடி, விஷம் என்றால் அது மருத்துவ-சட்ட வழக்கு. சிகிச்சைப் பதிவின் நகலை நீங்கள் கேட்கலாம், ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), காயச் சான்று, போஸ்ட்மார்ட்டம் சான்று ஆகியவை போலீஸ் நிலையம், நீதிமன்றம் வழியாகவும் வரும். மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குக்கு இரண்டும் தேவைப்படும்.

மனநலச் சிகிச்சைக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 25 தனியாக உரிமை தருகிறது. படிவம் ‘ஏ’யில் எழுதிக் கேட்டால் 15 நாளில் படிவம் ‘பி’யில் அடிப்படைப் பதிவைத் தர வேண்டும். நோயாளிக்குக் கடுமையான மனப் பாதிப்போ பிறருக்குத் தீங்கோ வரும் என்றால் ஒரு பகுதியை நிறுத்திவைக்கலாம். ஆனால் அப்படி நிறுத்தியதையும், மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம் என்பதையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும்.

தவறான பதிவு இருந்தால் ‘அழியுங்கள்’ என்று கேட்காதீர்கள். மருத்துவப் பதிவை அழிக்கக் கூடாது, அழித்தால் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில், என்ன தவறு, சரியானது என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்று எழுதி, திருத்தக் குறிப்பு சேர்க்கக் கேளுங்கள். பழைய வரி அப்படியே இருக்க, கீழே தேதியோடும் கையெழுத்தோடும் புதிய குறிப்பு வர வேண்டும்.

வழக்கு போகும் என்று தோன்றினால், மின்னணுப் பதிவுக்கு 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63இன்படி சான்றிதழ் தேவைப்படும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் வந்தது இது. கோப்பை வாங்கும்போதே சான்றிதழையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு கேட்டால் அந்தக் கோப்பை எடுத்துக் கொடுத்த ஊழியர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

வாங்கிய கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித் தெளிவு போய்விடும்; ஆவணமாக அனுப்புங்கள். ‘தேதி, மருத்துவமனை, என்ன ரிப்போர்ட்’ என்று பெயர் வைத்துப் போனில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று என இரண்டு இடத்தில் வையுங்கள். அடுத்த டாக்டரிடம் கொடுப்பது எப்போதும் நகலாக இருக்கட்டும்.